ஒரே இடத்துக்குள் நடக்கும் த்ரில்லர் எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

லிஃப்ட், குளிர்பதன அறை, ஓடுகிற கார், மண்ணுக்குள் புதைந்த பெட்டி. இப்படி ஓர் இடத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதரை வைத்துப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் சொல்வது, 'லொகேஷன் செலவு மிச்சம்' என்பதைத்தான். அது உண்மை. ஆனால் வேறு எதுவும் மிச்சமாகாது. கதை தொய்யும்போது ஒரு பாட்டுக்கோ துரத்தலுக்கோ தாவித் தப்பிக்கிற வழி இங்கே கிடையாது. கதாபாத்திரத்தோடு சேர்ந்து எழுதுகிறவரும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்.

சுவர்கள் நெருக்கமாக இருந்தால் பதற்றம் தானாக வந்துவிடும் என்று நம்பி எழுதினால் படம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. பார்க்கிறவர் தன் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பிக்கும்போதுதான் பதற்றம் பிறக்கிறது. போனில் இன்னும் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது? கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? அந்தக் கம்பிக்குக் கை எட்டுமா? இந்தக் கணக்குக்குத் தேவையான விவரங்களை எந்த வரிசையில், எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் இந்த வகைப் படத்தின் திரைக்கதை. கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

பேச வசதியாக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். டவர் கிரேனின் கேபின். பாதி கட்டிய கட்டடத்துக்கும் மேலே ஓர் ஆபரேட்டர், ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், சுற்றிலும் கண்ணாடி.

படி 1: கதைக்கு முன்னால் இடம்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். உள்ளே இருப்பவர் ஏன் வெளியே வர முடியவில்லை? வெளியே இருப்பவர்கள் ஏன் உள்ளே வர முடியவில்லை? இந்த இரண்டையும் எல்லோரும் யோசிப்பார்கள். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அந்த இடம் தானாக என்ன செய்யும்?

பூட்டிய ஸ்டோர் ரூம் ஒன்றும் செய்யாது. அது சும்மா இருக்கும். அதனால் வில்லனோ கடத்தல்காரனோ வந்து கதையைத் தள்ள வேண்டியிருக்கும். குளிர்பதன அறை அப்படியல்ல, நிமிடத்துக்கு நிமிடம் உடம்பின் சூட்டை உறிஞ்சும். தண்ணீர் ஏறும் சுரங்கம், காற்று தீரும் பெட்டி, தீ நெருங்கும் மாடி, இவை எல்லாம் தானாக நகர்கிற இடங்கள். கதாநாயகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் நிலைமை மோசமாகிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கதை கிடைத்த மாதிரி.

நம் கிரேனில் தானாக நகர்வது காற்றின் வேகம்.

படி 2: அந்த இடத்தின் விதிகளைத் தோண்டி எடுங்கள்

இந்தப் படியில் எவ்வளவு நாள் செலவழித்தாலும் தகும். நான் இதை எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் நல்ல திருப்பங்கள் கற்பனையைவிட அந்த இடத்தின் இயங்குமுறையிலிருந்துதான் அதிகம் வருகின்றன.

டவர் கிரேனை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது காற்றுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. பல கிரேன்களுக்கு அது விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். பல வேலைத் தளங்களில் அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பிறகு செய்ய வேண்டிய ஒரு காரியம்தான் வெளியாட்களுக்கு ஆச்சரியம்: கிரேனின் நீண்ட கையைப் பூட்டி வைக்கக் கூடாது. சுழலும் பகுதியின் பிரேக்கை விடுவித்து, காற்று அடிக்கிற திசைக்கு அது தானாகத் திரும்பிக்கொள்ளும்படி விட்டுவிட வேண்டும். பூட்டி வைத்தால் பக்கவாட்டில் மோதுகிற புயல் காற்று மொத்தக் கோபுரத்தையும் சாய்த்துவிடலாம்.

இந்த ஒரு விதி கையில் கிடைத்ததும் கதை தானாக எழுந்து நிற்கிறது. கீழ்த்தளங்களில் தீ. ஏணி வழி புகையால் அடைபட்டுவிட்டது. உச்சித் தளத்தில் ஒரு தொழிலாளி மாட்டியிருக்கிறார். அவரை மீட்கக் கூண்டைத் தொங்கவிட்டு, கிரேனின் கையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். காற்றோ ஏறிக்கொண்டே போகிறது. அவரைக் காப்பாற்ற ஆபரேட்டர் கிரேனின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், தானும் பிழைக்க அதை விட்டுவிட வேண்டும். வில்லனே தேவையில்லை. இதில் மிகைப்படுத்தலும் கிடையாது. 2023-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தீப்பிடித்த கட்டடத்தின் உச்சியில் நின்ற ஒருவரை, கிரேனில் கூண்டு தொங்கவிட்டுத்தான் மீட்டார்கள். 2013-இல் கனடாவின் கிங்ஸ்டனில், கீழே தீ எரிய, கிரேன் ஆபரேட்டரே கிரேனின் கை மீது ஊர்ந்து நுனிக்குப் போய்க் காத்திருந்தார். ஹெலிகாப்டர் வந்து மீட்டது.

விதி தெரியாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு லிஃப்ட் கதைகளே சாட்சி. லிஃப்டுக்குள் மாட்டியவர்கள் மூச்சு முட்டிச் சாவதாக எழுதுவார்கள். லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத இடம் அல்ல. ஒரு கம்பிவடம் அறுந்ததும் பெட்டி பாய்ந்து விழுவதாக எழுதுவார்கள். பல வடங்கள் சேர்ந்து தாங்குகின்றன, போதாததற்குப் பெட்டி வேகமெடுத்தால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பாதுகாப்பு பிரேக்கும் இருக்கிறது. இது தெரிந்த ஒரே ஒருவர் தியேட்டரில் இருந்தாலும் அவருக்கு அந்த இடத்தோடு படம் முடிந்துவிடும்.

உண்மையிலேயே காற்றுப் புகாத பெட்டி என்றால் கணக்கு வேறு. அங்கே முதலில் ஆளைத் தாக்குவது பிராணவாயுக் குறைவு இல்லை, சேர்ந்துகொண்டே போகும் கரியமில வாயு. அசையாமல் படுத்திருக்கிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். 1,000 லிட்டர் காற்று உள்ள பெட்டியில் மூன்று மணி நேரத்துக்குள்ளாகவே அது 5 சதவீதத்தை நெருங்கிவிடும். மூச்சிரைப்பு, தலைவலி, அப்புறம் குழப்பம். கத்தினால், உதைத்தால் இன்னும் சீக்கிரம். இது நடிப்புக்கும் உதவுகிற தகவல்: நடிகர் எந்தக் காட்சியில் வாய் திறந்து மூச்சு வாங்க வேண்டும், எந்தக் காட்சியில் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும் என்பதுவரை இந்த எண்களே சொல்லிவிடும்.

படி 3: வரைபடமும் பொருள் பட்டியலும்

காட்சி எழுதும் முன் இடத்தை அளவோடு வரையுங்கள். முடிந்தால் தரையில் டேப் ஒட்டி, அந்த அளவுக்குள் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். எழுந்தால் தலை எங்கே இடிக்கிறது, எந்தக் கை எதைத் தொடுகிறது என்பது பேப்பரில் தெரியாது.

அதோடு உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். கிரேன் கேபினில் வாக்கிடாக்கி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, தீயணைப்பான், காற்றுமானியின் சிறு திரை, துடைக்கும் துணி, பாதுகாப்பு பெல்ட். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று குறிப்பு: பார்வையாளர் இதை முதலில் எப்போது பார்க்கிறார், அது சாதாரணமாக எதற்குப் பயன்படுகிறது, நெருக்கடியில் வேறு எதற்குப் பயன்படலாம். பெல்ட் முதல் பத்து நிமிடத்தில் நாற்காலியின் பின்னால் சும்மா தொங்கட்டும். எழுபதாவது நிமிடத்தில் அது வேண்டிவரும்போது, ஆபரேட்டருக்கு ஒரு நொடி முன்னால் பார்வையாளருக்கு அது நினைவுக்கு வர வேண்டும். அதுவரை காட்டாத பொருளைக் கடைசியில் எடுத்து நீட்டினால் பார்வையாளரின் கணக்கை நீங்களே அழித்ததாக ஆகிவிடும்.

படி 4: வெளியுலகத்தை எப்படி உள்ளே விடுவது

ஒரே ஆள் எனில் யாரோடு பேசுவார்? குரல்களோடு. 2013-இல் வந்த 'லாக்' படத்தில் டாம் ஹார்டி மட்டும்தான் காருக்குள் இருக்கிறார். மற்ற எல்லோரும் போன் குரல்கள். படப்பிடிப்பின்போது அந்த நடிகர்கள் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து உண்மையாகவே அழைத்துப் பேசினார்கள். 2019-இல் பார்த்திபன் எடுத்த 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்திலும் திரையில் தெரிவது அவர் ஒருவர்தான், மற்றவர்கள் குரலாக வருகிறார்கள். இப்படி எடுக்கும்போது எதிர்ப்பக்கக் குரலை உதவி இயக்குநர் படித்துக் காட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். குறுக்கே பேசுவது, தயங்குவது, பதில் வரும்வரை காத்திருப்பது எல்லாம் நிஜமாக நடந்தால்தான் முகத்தில் தெரியும்.

செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை. 'சிக்னல் இல்லை' என்பது தேய்ந்துபோன சாக்கு. போன் வேலை செய்யட்டும். வேலை செய்தும் பயனில்லாமல் போகும்போதுதான் சுவாரசியம். தீயணைப்பு நிலையத்தில் எடுக்கிறார்கள், ஆனால் எல்லா வண்டியும் ஏற்கெனவே கீழே வந்து நிற்கிறது. மனைவி எடுக்கிறாள், ஆனால் அவளிடம் உண்மையைச் சொன்னால் அழுதே சார்ஜ் தீர்ந்துவிடும். ஒவ்வொரு அழைப்பும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: திரைக்கதை

ஒன்லைனிலிருந்து (கதையின் சுருக்கம்) சீன் ஆர்டருக்கு (காட்சிகளின் வரிசை) போகும்போது, காட்சிகளை 'என்ன நடக்கிறது' என்று வரிசைப்படுத்தாமல் 'எந்த எண் மாறுகிறது' என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். காற்று மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 55. போன் சார்ஜ் 30 சதவீதத்திலிருந்து 12. தீ நாலாவது மாடியிலிருந்து ஆறாவது மாடி. ஒரு காட்சி முடிந்தும் எந்த எண்ணும் மாறவில்லை, யாருடைய மனமும் மாறவில்லை என்றால் அதை வெட்டிவிடலாம்.

எண்கள் ஒரே சீராக ஏறினாலும் அலுப்புத்தான். நடுவில் ஒரு தடவை காற்று தணிய வேண்டும். ஆபரேட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிடலாம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பார்வையாளருக்கு அவர் மீது பிரியம் வரும், அடுத்த காற்றுக்குப் பயமும் வரும். பின்கதைக்கும் அதுவே இடம். அவர் பழைய தவறு ஒன்றைச் சுமக்கிறார் என்று ஃப்ளாஷ்பேக் வெட்டினால் பார்வையாளர் கேபினை விட்டு இறங்கிவிடுவார், திரும்ப ஏற்றுவது கஷ்டம். வாக்கிடாக்கியில் கீழே இருக்கிற சிக்னல்மேன் ஒரு பெயரைச் சொல்ல, இவர் பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

பொய் வழி ஒன்று நிச்சயம் வேண்டும். தப்பித்துவிடலாம் என்று அவரும் நாமும் சேர்ந்து நம்புகிற ஒரு திட்டம், பாதியில் தோற்க வேண்டும். தோற்கும் காரணம் முன்பே நமக்குக் காட்டிய ஒன்றாக இருக்கட்டும். புதிதாகக் கயிறு அறுந்தது, திடீரென்று இடி விழுந்தது என்றால் அது எழுதியவர் வலிந்து நுழைத்தது என்று தெரிந்துவிடும்.

நீளம்? 90 நிமிடத்தை ஒட்டி நிறுத்துவது நல்லது.

படி 6: செட், லென்ஸ், கோணம்

முதலில் ஒரு கொள்கை முடிவு: கேமரா சுவரைத் தாண்டலாமா, கூடாதா? 1981-இல் வந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் படமான 'தாஸ் போட்' முழுவதும், குறுகலான உட்பகுதி செட்டில் கையடக்கமான கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ ஓடினார். மனிதர் போக முடிகிற இடத்துக்குத்தான் கேமராவும் போகிறது. 2010-இல் வந்த 'பரீட்' படம் முழுக்க ஒரு பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. அதற்கு ஏழு விதப் பெட்டிகள் செய்தார்கள், ஒவ்வொரு வகை ஷாட்டுக்கு ஒன்று. அதில் பெட்டியின் ஆழம் கூடிக்கொண்டே போவது போல கேமரா மேலே ஏறுகிற, நிஜத்தில் நடக்கவே முடியாத ஷாட்டும் உண்டு. இரண்டுமே சரி. ஆனால் படம் நடுவில் கொள்கையை மாற்றக் கூடாது.

லென்ஸ் திட்டத்துக்கு இன்றும் சிறந்த பாடம் சிட்னி லூமெட் 1957-இல் எடுத்த '12 ஆங்ரி மென்'. ஜூரிகள் அறைக்குள் நடக்கிற அந்தப் படத்தின் முதல் பகுதியைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப்பகுதியைக் கண்மட்டத்திலும், கடைசிப் பகுதியைக் கீழிருந்தும் எடுத்தார். போகப் போக, பின்னால் இருப்பதை நெருக்கிக் காட்டும் நீண்ட லென்ஸ்களுக்கு மாறினார். விளைவு, சுவர்கள் முகங்களை நெருங்கி வருகின்றன, கடைசியில் கூரையும் தெரிய ஆரம்பிக்கிறது. அறை மாறவே இல்லை, ஆனால் சுருங்குகிறது. முடிவில் வெளியே வந்ததும் ஒரு வைட் ஷாட், மூச்சு விட முடிகிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிக்கனம். எல்லாக் கோணத்தையும் முதல் இருபது நிமிடத்தில் செலவழித்துவிடாதீர்கள். நம் கிரேனில் நேர் கீழே பார்க்கும் ஷாட்டை, ஆபரேட்டர் தானே குனிந்து பார்க்கத் துணியும்வரை ஒளித்து வைக்கலாம்.

செட் போடப் பணம் குறைவு என்றால் 'கியூப்' படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1997-இல் வந்த அந்தப் படத்தில் பார்ப்பது டஜன்கணக்கான அறைகள். கட்டியது ஒரு முழு அறைதான், பக்கத்துக்கு சுமார் 14 அடி. சுவர்ப் பலகைகளின் நிறத்தை மாற்றி மாற்றி வேறு வேறு அறையாக்கினார்கள்.

படி 7: வெளிச்சமும் ஒரு செலவு

உள்ளே என்ன விளக்கு இருக்கிறதோ அதிலிருந்து வருவதாகத்தான் வெளிச்சம் தெரிய வேண்டும். 'பரீட்' படத்தில் லைட்டர், போன் திரை, டார்ச் என்று மூலத்துக்கு மூலம் நிறம் மாறுகிறது. லைட்டர் பிடித்தால் காற்று தீரும், போனைப் பார்த்தால் சார்ஜ் தீரும். அதனால் ஒவ்வொரு முறை முகம் தெரியும்போதும் நமக்கு ஒரு செலவு உறைக்கிறது. உங்கள் கதையிலும் வெளிச்சத்துக்கு விலை வைக்க முடியுமா என்று பாருங்கள்.

படி 8: ஒலி

படம் காட்டுவது நாலடி இடம் என்றால் ஒலி காட்டுவது அதற்கு வெளியே இருக்கிற உலகம் முழுவதையும். இங்கே ஒலி வடிவமைப்பாளரைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு கூப்பிடுவது தவறு. திரைக்கதை கையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

பார்வையாளருக்கு ஒலிகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடத்தில் அமைதியான நேரத்தில், கிரேனின் கை திரும்பும்போது பல்சக்கரம் எழுப்பும் மெல்லிய முனகலைக் கேட்கவிடுங்கள். இரும்புக் கயிறு சுற்றும் ஓசை, கண்ணாடிச் சட்டம் காற்றில் நடுங்கும் ஓசை, எல்லாவற்றையும் ஒருமுறை படத்தோடு காட்டுங்கள். அதன்பின் காட்டவே தேவையில்லை. முனகல் ஒலித்தால் கை நகர்கிறது என்று அரங்கமே புரிந்துகொள்ளும். ஆபரேட்டர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அந்த முனகல் மெதுவாக ஆரம்பித்தால், அவருக்கு முன்னால் நமக்கு வயிறு கலங்கும்.

டப்பிங் வேண்டாம், லைவ் சவுண்டில் (படப்பிடிப்பிலேயே ஒலியையும் பதிவு செய்து) எடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. குறுகிய இடத்தில் குனிந்து, மடங்கி, கழுத்தைத் திருப்பி மூச்சு வாங்குகிற ஒலியை மைக் முன்னால் வசதியாக நின்று திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். பின்னணி இசையைக் கடைசியாக யோசியுங்கள், குறைவாக வையுங்கள். முக்கியமான காட்சிகளை இசையே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

படி 9: படப்பிடிப்பு

கதை வரிசையிலேயே எடுங்கள். ஒரே இடம் என்பதால் இந்த வசதி உங்களுக்கு உண்டு, மற்ற வகைப் படங்களுக்குக் கிடைக்காத வசதி. வியர்வை, தூசி, காயம், குரல் கரகரப்பு எல்லாம் தானாக வளரும். ஆனாலும் கன்டின்யூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, தனியாக ஓர் ஆள் வேண்டும். பார்வையாளர் ஒன்றரை மணி நேரம் அதே பத்துப் பொருட்களைத்தான் பார்க்கப்போகிறார். தண்ணீர் பாட்டிலின் மட்டம் ஒரு விரல் ஏறினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

பாதுகாப்பில் விளையாட வேண்டாம். நிஜமான பயம் வேண்டும் என்று நடிகரை உண்மையாகவே பூட்டி வைப்பது குற்றம். உள்ளிருந்து அவரே திறக்கக்கூடிய மூடி, 'நிறுத்து' என்பதற்கு முன்பே பேசி வைத்த சைகை, அதை மட்டும் கவனிக்க ஓர் ஆள். கிரேன் கேபினைத் தரையிலிருந்து சில அடி உயரத்தில் வைத்து, பின்னால் எல்இடி திரையில் வானத்தை ஓடவிட்டே எடுக்கலாம். புகை போடும்போது உள்ளே இருப்பவருக்கு இடைவேளை கொடுங்கள்.

படி 10: எடிட்டிங்கும் சோதனையும்

எடிட் டேபிளில் முதலில் வரும் ஆசை, வேகமாக வெட்டுவது. நெருக்கடி நேரத்தில் நீண்ட ஷாட்தான் பல சமயம் இறுக்கும். கண்ணை வேறு பக்கம் திருப்ப வழியில்லை என்பதைப் பார்வையாளரும் உணர வேண்டும்.

ரஃப் கட் (முதல்கட்டமாக வெட்டி ஒட்டிய படம்) தயாரானதும் கதை தெரியாத ஐந்தாறு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். சுமார் நாற்பதாவது நிமிடத்தில் படத்தை நிறுத்தி, ஆளுக்கு ஒரு பேப்பரைக் கொடுத்து இரண்டு வேலை சொல்லுங்கள். ஒன்று, அந்த இடத்தை வரையச் சொல்லுங்கள்: கதவு எங்கே, போன் எங்கே, பெல்ட் எங்கே. இரண்டு, 'இந்த நிமிஷம் நீங்கள் உள்ளே இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று எழுதச் சொல்லுங்கள்.

வரைபடங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் வைட் ஷாட்களும் ஆரம்பக் காட்சிகளும் போதவில்லை என்று அர்த்தம். அவற்றைத் திரும்ப எடுக்கவோ முன்னால் நகர்த்தவோ வேண்டும். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலை எழுதி, உங்கள் கதாநாயகரும் அடுத்து அதையே செய்கிறார் என்றால் அங்கே படம் அவர்களுக்குப் பின்னால் ஓடுகிறது, அந்த இடத்தைச் சுருக்குங்கள். ஆளுக்கு ஒரு வழி எழுதி, 'ஆனால் காற்று ஏறிவிட்டால் இது நடக்காது' என்று அவர்களே ஓரத்தில் குறித்து வைத்திருந்தால் அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள்.